இரண்டு பாகம் ஆழம்

"இருக்கிற ஒன்னை இருக்குதுன்னு காட்டிடலாம் மிஸ். இல்லாத ஒன்னை இல்லைன்னு எப்படிக் காட்டுறது?"

கேட்டவர் கொளஞ்சியப்பன். விருத்தாசலத்துப் பக்கத்துக்காரர். வயது நாற்பத்து மூன்று. அவர் ஊர்ப்பக்கத்துக் கோயிலில் ஜனங்கள் தங்கள் குறையை மனுவாக எழுதிச் சாமி முன்னால் கட்டிவிட்டுப் போவார்கள். அந்தச் சாமியின் பெயர்தான் இவருக்கு. அதனாலோ என்னவோ, மாணவராக வந்து சேர்ந்த நாளிலிருந்து வாயைத் திறந்தால் பிராதுதான்.

கேட்கப்பட்டவர் ஜெசிந்தா மிஸ். மன்னாரில் பிறந்தவர். வயது முப்பத்தாறு. குருவைவிடச் சீடர் ஏழு வயது மூத்தவர். அதைப் பற்றி இருவருமே பேசிக்கொண்டதில்லை.

மிஸ் மேசைமேல் கடல் வரைபடம் ஒன்றை விரித்து, அது சுருண்டுகொள்ளாமலிருக்க நான்கு மூலையிலும் நான்கு தேநீர்க் கோப்பைகளை வைத்தார்.

படத்தில் அவர்கள் இருக்கும் ஈச்சந்துறைக் கரை. எதிரே ஒரு தீவு. இரண்டுக்கும் நட்ட நடுவில், புள்ளி புள்ளியாக ஒரு வட்டம். வட்டத்துக்குள் 2 என்று ஓர் எண். பக்கத்தில் எறும்பு எழுத்தில் ஒரு குறிப்பு: இருப்பது சந்தேகம்.

"ரெண்டு பாகம் ஆழம்," என்றார் மிஸ். "உங்கட கணக்கில மூண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் கூட. சுத்திவர எல்லா இடமும் பதினொரு மீட்டர். எண்பது வருசத்துக்கு முன்னம் ஒரு கப்பல்காரன் இந்த இடத்தில ஒரு திட்டைக் கண்டதெண்டு அறிவிச்சவன். அதுக்குப் பிறகு ஒருத்தரும் காணேல்லை."

"அப்ப அழிச்சிட்டுப் போகவேண்டியதுதானே?"

"கடல் படத்தில ஒருக்கா ஏறினது சும்மா இறங்காது. ஒருத்தர் போய் வடிவாத் தேடி, இல்லையெண்டு கையெழுத்துப் போட வேணும்."

"யாரு போடணும்?"

மிஸ் தன் பேனாவை அவரிடம் நீட்டினார்.



அந்தப் படிப்புக்கு இரண்டு வருஷம், இரண்டு நாடு. முதல் வருஷம் சென்னையில் நிலத்தை அளக்க வேண்டும். இரண்டாம் வருஷம் இலங்கையில் கடலை அளக்க வேண்டும். இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டால்தான் முதுநிலைப் பட்டம்.

நிலத்தில் கொளஞ்சி புலி. சர்வே இலாகாவில் பதினெட்டு வருஷம் சங்கிலியும் கல்லுமாகக் காடு கழனியெல்லாம் சுற்றிய மனிதர். அவர் போட்ட எல்லைக் கல்லில் எந்த மாடும் உரசக்கூட யோசிக்கும் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

கடலுக்கு வந்ததும் புலி வாந்தி எடுத்தது.

வாந்தி எடுத்தாலும் அவர் பட்டம் இல்லாமல் ஊர் திரும்ப முடியாது. அவரிடம் சங்கிலி பிடிக்கப் பழகிய பையன் இன்று அவருக்கே மேலதிகாரி. அவன் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு இந்தப் பட்டம் வேண்டும். கொளஞ்சி கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய படிப்பு விடுப்பில் மிச்சமிருந்தது முப்பது நாள். அதற்குள் ஆய்வு முடிய வேண்டும்.

ஆய்வு அந்த வட்டம்தான். அது போனால் பட்டம் வரும்.

வேறொன்றும் வரும். தீவுக்குப் போகும் பயணிகள் படகு, அந்த வட்டத்துக்குப் பயந்து, வடக்கே ஒதுங்கி வளைந்து போனது. நாற்பது நிமிஷம் கூடுதல். வட்டம் போய்விட்டால் நேர்வழி.

துறையில் தேநீர் விற்கும் பெண்ணுக்குக்கூட அது தெரிந்திருந்தது.

"உங்கட கையெழுத்திலதானாம் எங்களுக்கு நேர்வழி வரப்போகுது," என்று சொல்லி, கோப்பையில் ஒரு கரண்டி சீனி கூடப் போட்டாள்.

கொளஞ்சிக்கு மார்பு நிமிர்ந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அளந்த எந்த நிலத்துக்காரனும் அவருக்குச் சர்க்கரை கூடப் போட்டதில்லை.



படகு யூட் அண்ணையுடையது. ஐம்பது வயது, பேச்சென்றால் நிற்காது. படகு துறையை விட்டதும் தொடங்குவார். மச்சானின் கலியாணம், மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு, தேவாலயக் கூரை என்று அது பாட்டுக்கு ஓடும்.

வட்டத்துக்குள் படகு நுழைந்ததும் வாயை மூடிக்கொள்வார். பாதிச் சொல்லில்கூட நிறுத்திவிடுவார். மறுபக்கம் வெளியே வந்ததும் மிச்சப் பாதியைச் சொல்வார்.

"ஏண்ணே அப்படி?"

"மிஸ்தான் சொன்னவா. வட்டத்துக்குள்ளை வாய் திறக்கக்கூடாதெண்டு. பத்து வருசமா இதுதான் கட்டளை."

"எதுக்காம்?"

"அதையும் கேக்கக்கூடாதெண்டு சொன்னவா."

கருவி எளிது. படகின் அடியிலிருந்து விநாடிக்கு ஒரு தட்டுச் சத்தம் கீழே போகும். தரையில் பட்டுத் திரும்பும். போய்வர எத்தனை நேரமாயிற்று என்பதை வைத்துப் படகிலிருக்கும் பெட்டி ஆழத்தைச் சொல்லும். தட்டு போகும்போதெல்லாம் பெட்டிக்குள் டொக் என்று ஒரு சத்தம். நாள் முழுக்க டொக், டொக். பூட்டிய வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருப்பதுபோல என்று கொளஞ்சிக்குத் தோன்றும்.

"தரையைக் கண்ணால பாக்காமலேயே அளக்குறதெல்லாம் ஒரு அளவா?" என்று ஒரு நாள் மாலை மிஸ்ஸிடம் பிராது வைத்தார். "எங்க ஊர்ல கல்லு இருந்தா கால்ல இடிக்கும். குனிஞ்சு தொட்டுப் பாத்துக்கலாம்."

"தொட்டுப் பாத்ததெல்லாம் இருந்ததோ?" என்று மிஸ் கேட்டார்.

"இருந்துச்சு."

"தொடாததெல்லாம்?"

கொளஞ்சி யோசிப்பதற்குள் மிஸ் எழுந்து போய்விட்டார். கேள்வியைப் போட்டுவிட்டு எழுந்து போவது அவர் வழக்கம். கொளஞ்சிக்கு அது பிடிக்கவே பிடிக்காது.



வட்டத்துக்குள் இருபது மீட்டருக்கு ஒரு கோடாக, உழவன் சால் ஓட்டுவதுபோலப் படகு போய்வந்தது. பதினொன்று. பதினொன்று புள்ளி இரண்டு. பத்து புள்ளி ஒன்பது. பதினொன்று. கடல் தரை களத்துமேடு மாதிரி சமம்.

எட்டு நாள் இப்படியே போயிற்று.

ஒன்பதாம் நாள் காலை பத்தேகாலுக்குக் கடலில் காற்று நின்றது. அலை இல்லை. தண்ணீர் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது. யூட் அண்ணை, மச்சானின் மனைவி வீட்டார் மாப்பிள்ளைக்கு என்ன போட்டார்கள் என்று சொல்லிவந்தவர், "ஒரு சங்" என்றதோடு நிறுத்தினார். படகு வட்டத்துக்குள் வந்துவிட்டது.

பதினொன்று.

பதினொன்று புள்ளி ஒன்று.

மூன்று புள்ளி ஆறு.

பதினொன்று.

கொளஞ்சி கையை உயர்த்தினார். யூட் அண்ணை படகைத் திருப்பினார். அதே கோட்டில் திரும்ப வந்தார்கள். பதினொன்று, பதினொன்று, பதினொன்று.

மறுபடி வந்தார்கள். குறுக்கே வந்தார்கள். கோணல்மாணலாக வந்தார்கள். மொத்தம் பன்னிரண்டு தடவை. பதினொன்றுக்கு மேல் எதுவும் எழும்பவில்லை.

வட்டத்தை விட்டு வெளியே வந்ததும் கொளஞ்சி கேட்டார். "அண்ணே, தண்ணியில ஏதாவது பாத்தீங்களா?"

"நான் கரையைப் பாத்துத்தான் ஓட்டுறனான் சேர். அந்த இடத்தில தண்ணியைப் பாக்கிறேல்லை."

அன்று அவர் அந்தச் சங்கிலியின் மிச்சத்தைச் சொல்லவில்லை.



மதியம் கொளஞ்சி அறையில் கணினியைத் திறந்தார். அளந்த எண்களெல்லாம் திரையில் புள்ளிகளாக வந்தன. வரிசையாக, அடக்கமாக, கீழே ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஒன்று மட்டும் மேலே நின்றது. பந்தியில் எல்லாரும் உட்கார்ந்திருக்க ஒருவன் மட்டும் எழுந்து நிற்பதைப்போல.

இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வழக்கம் உண்டு. மீன் கூட்டம் குறுக்கே போனால் இப்படி வரும். காற்றுக் குமிழ் வந்தாலும் வரும். சில சமயம் காரணமே இல்லாமல் வரும். அக்கம்பக்கத்து எண்களோடு ஒத்துப்போகாததை இரைச்சல் என்று துடைத்துவிடுவார்கள். அதற்குச் சுத்தம் செய்வது என்று பெயர். ஊரோடு ஒத்து வாழ் என்பது எண்ணுக்கும் சேர்த்துத்தான் போல.

மீன் கூட்டம் என்றால் பன்னிரண்டு தடவையில் ஒரு தடவையாவது மறுபடி வராதா என்று கொளஞ்சிக்குத் தோன்றியது.

மீன் என்றால் நீந்திப் போயிருக்காதா என்றும் தோன்றியது.

இரண்டாவது சௌகரியமாக இருந்தது. புள்ளியைத் தொட்டு அழுத்தினார். போயிற்று.

தரை சமமாயிற்று. பார்க்கவே அழகாக இருந்தது.

அன்றைக்குப் பிடித்தது அவருக்கு ஒரு வியாதி. ஏதாவது ஒரு சத்தம் கேட்டால் போதும், அடுத்த சத்தத்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். பக்கத்து வீட்டில் யாரோ உரல் இடித்தால் சோறு தொண்டையில் நிற்கும். தேவாலய மணி அடித்தால் கடைசி மணிக்குப் பிறகும் நின்றுகொண்டிருப்பார். அறையிலிருந்த சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்தார். சத்தம் துணிக்குள்ளிருந்து வந்தது.

"என்ன, குரலே சரியில்ல?" என்று மனைவி அம்சவேணி தொலைபேசியில் கேட்டாள்.

"கடல் காத்து ஒத்துக்கல."

"இன்னும் எத்தினி நாளு? பட்டத்தோட வந்துருவீங்கல்ல? அந்தப் பய நாற்காலிய எப்ப காலி பண்ணுவான்னு நான் நாளெண்ணிக்கிட்டு இருக்கேன்."

"வந்துருவேன்."

சொல்லிவிட்டு வைத்தார். அவருக்கு முதல்முறையாகப் பயமாக இருந்தது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கண்டதற்கா, அழித்ததற்கா?



இருபத்தொன்றாம் நாள், காலை பத்து மணி. மிஸ்ஸின் அறை. மேசைமேல் ஒரு தாள்.

தேடினேன். காணவில்லை. வட்டத்தை நீக்கலாம்.

கீழே கையெழுத்துக்கு இரண்டு இடம். முதலில் கொளஞ்சி போட வேண்டும். பிறகு மிஸ்.

"எத்தினை ஆழம் எடுத்தனீங்கள்?" என்று மிஸ் கேட்டார்.

"நாலு லட்சத்து நாப்பத்தோராயிரத்து இருநூத்தி ஆறு."

"எல்லாம் இருக்கோ?"

"இருக்குதுங்க மிஸ்."

மிஸ் தலையசைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே தீவுப் படகு துறையிலிருந்து கிளம்பி, வழக்கம்போல வடக்கே ஒதுங்கியது.

கொளஞ்சி பேனாவை எடுத்தார். 'கொ' என்று எழுதினார்.

கை அங்கேயே நின்றது.

பாவாடை என்று ஓர் ஆட்டுக்காரர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மங்கலம்பேட்டைப் பக்கம் ஓர் எல்லைத் தகராறு. "கல்லு இங்கதாங்க இருந்துச்சு, நான் கெடா கட்டுன கல்லுங்க," என்று வெயிலில் நின்று கத்தினார். கொளஞ்சியிடம் பத்து அளவு இருந்தது. பத்தும் ஒன்றோடொன்று பொருந்தி, கிளம்பிய இடத்துக்கே விரல் பிசகாமல் திரும்பி வந்தது. பாவாடையின் கல்லைச் சேர்த்தால்தான் எதுவும் பொருந்தவில்லை. கல் இல்லை என்று எழுதிவிட்டு வந்தார். பாவாடைக்குப் புளியமரமும் அதைச் சுற்றின இடமும் போயிற்று.

இரண்டு வருஷம் கழித்துக் குழாய் பதிக்கத் தோண்டினவர்கள் கல்லை வெளியே எடுத்துப் போட்டார்கள். ஒன்றரை அடி ஆழத்தில் கிடந்ததாம். கொளஞ்சி அந்த வழியாக வண்டியில் போகும்போது பார்த்தார். வண்டியை நிறுத்தவில்லை. அதை அவர் அம்சவேணியிடம்கூடச் சொன்னதில்லை.

"மிஸ்."

"ம்."

"ஒன்னை அழிச்சிட்டேன்."

மிஸ் திரும்பவில்லை. "ஏன்?"

"பக்கத்துல இருக்கிற எதோடயும் ஒத்துப்போகல."

"இப்ப ஒத்துப்போகுதோ?"

"இப்பவும் ஒத்துப்போகலதான்."

"திரும்பப் போய்ப் பாத்தனீங்களோ?"

"பன்னெண்டு தடவை. ஒன்னுமே இல்ல."

"பிறகென்ன?"

"ஒரு தடவை வந்துச்சே மிஸ்."

மிஸ் இப்போது திரும்பினார்.

"அதை எழுதினால் உங்கட ஆய்வு முடியாது. இன்னும் ஒரு வருசமாவது தேட வேணும். ஒரு வருசம் இருக்கோ உங்களிட்டை?"

"ஒம்பது நாள்தான் இருக்கு."

"பட்டம் வராது."

"தெரியும்."

"தீவுச் சனத்துக்கு நேர்வழியும் வராது. தேத்தண்ணிக் கடையில உங்களுக்கு இனிச் சீனி குறையும்."

"தெரியும் மிஸ்."

"அப்ப வடிவா யோசிச்சு எழுதுங்கோ."

கொளஞ்சி அந்த மூன்று வரியையும் அடித்தார். கீழே எழுதினார்: ஒரு முறை கண்டேன். 3.6 மீட்டர். ஒன்பதாம் நாள், காலை மணி பத்து பதினேழு. அடுத்த பன்னிரண்டு முறை காணவில்லை.

முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்ததும் அவருக்கு அழுகை வந்தது. நாற்காலி போயிற்று. அந்தப் பயலுக்கு ஆயுசுக்கும் சலாம் போட வேண்டும். அம்சவேணியிடம் என்ன சொல்வது? மூக்கை உறிஞ்சிக்கொண்டு தாளைத் தள்ளினார்.

மிஸ் அதை இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து போய், அறைக் கதவைச் சாத்தினார்.



அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு நீள உறை இருந்தது. அதிலிருந்து மெல்லிய காகிதங்களை எடுத்தார். வெளிச்சம் ஊடுருவும் காகிதங்கள். ஒவ்வொன்றிலும் அதே கரை, அதே தீவு, அதே வட்டம்.

வட்டத்துக்குள் ஒரே ஒரு புள்ளி. பக்கத்தில் 3.6.

மிஸ் முதல் காகிதத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்து ஒட்டினார். அதன்மேல் இரண்டாவதை வைத்தார். அதன்மேல் மூன்றாவது. கரை கரைமேல் பொருந்தியது. தீவு தீவின்மேல் பொருந்தியது.

எட்டுக் காகிதம். பகல் வெளிச்சத்தில் எட்டுப் புள்ளியும் ஒரே புள்ளியாக நின்றன.

கொளஞ்சி கிட்டே போனார். விரலை நீட்டினார். தொடவில்லை.

"யாரோடது மிஸ் இதெல்லாம்?"

"உங்களுக்கு முன்னம் ஆறு பேர் இந்த வட்டத்தைத் தேடினவை. ஆளுக்கு ஒருக்கா வந்தது. ஒருக்காத்தான். ஆறு பேரும் அழிச்சுப்போட்டு, காணேல்லை எண்டு கையெழுத்துப் போட்டவை."

"அழிச்சிட்டாங்கன்னா உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்கள் அழிக்கிறது கணினியில. பெட்டி எழுதினது பெட்டிக்குள்ளை கிடக்கும். அதை ஒருத்தரும் திறந்து பாக்கிறேல்லை. நான் பாப்பன்."

"அப்ப என்னோடதும்?"

"அண்டைக்குப் பின்னேரமே தெரியும்."

கொளஞ்சிக்குக் காது சூடாயிற்று. பன்னிரண்டு நாளாக இந்த மனுஷி தெரிந்துகொண்டேதான் குட்மார்னிங் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அவங்களுக்கெல்லாம் பட்டம்?"

"குடுத்தன். கையெழுத்துப் போட்ட தாளை மட்டும் அனுப்பேல்லை. என்ர கையெழுத்து இல்லாமல் வட்டம் அழியாது."

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே மிஸ். அந்த இடத்துல ஒன்னு இருக்குதுன்னு."

"சொல்லி அனுப்பினால் ஆர் போனாலும் கண்டுகொண்டுதான் வருவினம். நான் சொன்னதைக் கண்டதோ, கடலில இருந்ததைக் கண்டதோ? எனக்கு எப்பிடித் தெரியும்?"

அப்போதுதான் கொளஞ்சிக்கு யூட் அண்ணையின் மௌனம் புரிந்தது. அவர் காகிதங்களை எண்ணினார்.

"உங்க கணக்குல ஆறு. என்னோட ஒன்னு. ஏழுதானே வரணும்?"

மிஸ் மேல் காகிதங்களை விலக்கினார். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த காகிதத்தின் ஓரம் பழுப்பாகியிருந்தது. மூலையில் சின்ன எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. ஜெசிந்தா, முதலாம் அணி மாணவி.

"பதினொரு வருசம்," என்றார் மிஸ். "எனக்கு இருபத்தஞ்சு வயசு. பட்டம் வேணும். ஒரு புள்ளிதானே எண்டு நினைச்சு அழிச்சுப்போட்டன். தாளை அனுப்புறதுக்கு முன்னம் திருப்பி வாங்கிப்போட்டன்."

"அப்புறம் போய்ப் பாக்கலையா?"

"ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடியப் போறனான். இண்டைவரைக்கும் ஒரு ஞாயிறும் விடேல்லை. யூட் அண்ணையிட்டைக் கேளுங்கோ. பதினொண்டு, பதினொண்டு, பதினொண்டு. எனக்கு அது பிறகு வரவேயில்லை."

அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. குரு உடைவதைப் பார்க்கச் சீடருக்குக் கஷ்டமாக இருந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். அங்கே அந்தப் புள்ளி இருந்தது.

"நாளைக்கு நான் மறுபடி போய்ப் பாக்கட்டுமா மிஸ்?"

"போங்கோ. பதினொண்டுதான் வரும்."

மிஸ் நாற்காலியை இழுத்துக் கொளஞ்சிக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். மடியில் ஒரு கொப்பியை விரித்தார். ஒரு பக்கம்கூட எழுதப்படாத கொப்பி. பேனாவைத் திறந்தார். முதல் நாள் வகுப்புக்கு வந்த மாணவியைப்போல நிமிர்ந்து இருந்தார்.

"அழிச்ச ஆக்களிட்டை நான் ஒண்டும் கேக்கேல்லை. கேட்டால் எனக்காக ஏதும் சொல்லிப்போடுவினம். நீங்கள் அழிக்காமல் எழுதிப்போட்டியள். அதால கேக்கிறன். அந்த நேரம் என்ன நடந்தது?"

"ஆழம் மூணு புள்ளி ஆறுன்னு வந்துச்சு."

"அது பெட்டி சொன்னது. வேறை?"

"காத்து நின்னுபோச்சு."

"வேறை?"

கொளஞ்சி உதட்டை நக்கிக்கொண்டார். பன்னிரண்டு நாளாகத் தனக்குத்தானே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது நாக்கு நுனிக்கு வந்தது.

"தட்டு ஒன்னு கேட்டுச்சு மிஸ்."

"பெட்டி எப்பவும் தட்டும்தானே."

"பெட்டி இல்ல. பெட்டி தட்டுறதுக்கு முன்னாடி. நாம அனுப்புறதுக்கு முன்னாடியே கீழேர்ந்து ஒன்னு வந்துச்சு. படகுப் பலகையில. காதுல கேட்டத விட என் கால்லதான் தெரிஞ்சுது."

மிஸ் எழுதவில்லை. பேனா காகிதத்துக்கு ஒரு விரல் உயரத்தில் நின்றது.

"எந்தக் கால்?"

"இடது கால்."

ஜெசிந்தா மிஸ் செருப்பை விட்டுத் தன் இடது காலை மெல்ல எடுத்து, தரையில் படாமல், நாற்காலியின்மேல் மடக்கி வைத்துக்கொண்டார்.